பதினோராவது பீங்கான்

ஞாயிற்றுக்கிழமை. லாங்கென்தால், இரண்டாம் மாடி.
சமையலறை மேசையில் எண்ணெய்த் தடத்தைத் துடைத்துவிட்டுத்
தாள்களைப் பரப்பினோம்.
வக்கீல் ஏபிஷர் அம்மா முன்னமே சொல்லியிருந்தாள்,
நீங்களே எழுதி வந்தால் செலவு குறையும்,
தன் ஒரு மணித்தியாலம் முந்நூறு பிராங்க் என்று.
அதனால் நகுலேஸ் எழுதினான்.
அவனுடைய ஜெர்மன் எழுத்து என்னுடையதைவிட நேர்.

பெயர்கள். பிறந்த திகதிகள்.
கலியாணம் பதிந்த இடம், சுன்னாகம்.
அடுத்த வரி, பிள்ளைகள்.
பேனை நின்றது.
சின்னதாய் ஒரு கோடு இழுத்தான்.
பிறகு பக்கத்தில் "இல்லை" என்றும் எழுதினான்,
கோட்டை யாராவது பிழையாக விளங்கக்கூடும் என்று.
நான் தேத்தண்ணிக்குக் கேத்தில் போட எழும்பினேன்.
தண்ணி ஏற்கெனவே கொதித்திருந்தது.

சீதனத்துக்கு ஜெர்மனில் என்ன சொல்?
என் பேரில் ஏழு பரப்புக் காணி,
கிணற்றில் அரைப்பங்கு.
"கிணத்துப் பங்கையும் எழுதுங்கோ."
"அது அவைக்கு விளங்காது."
"விளங்காட்டிலும் எழுதுங்கோ."
எழுதினான்.
பாதிக் கிணறு ஒன்று
பேர்ன் மாநிலத்துத் தாளில் தளும்பாமல் ஏறியது.

கொடி ஒன்பது பவுண்.
"அது உம்மட," என்றான், நான் கேட்க முதலே.
தம்பியைக் கனடாவுக்கு அனுப்பிய கடனில் மிச்சம் ஆறாயிரம்.
"அது என்ர."
நான் பிடிக்கிற சீட்டு இன்னும் நாலு மாதம்.
இவ்வளவு மரியாதையாக நாங்கள் கதைத்து
எத்தனை வருசம்.

பென்ஷன் காசு சட்டப்படி சரிபாதி,
கலியாண நாளிலிருந்து சேர்ந்தது முழுக்க.
அப்படியென்றால் அவனுடைய பேக்கரி இரவுகளில் பாதி
எனக்கு வருகிறது:
சாமம் இரண்டுக்கு அடித்த அலாரம்,
மாப் படிந்த காதுமடல்,
பகல் நித்திரை கலைந்த கோபம்.
முதியோர் இல்லத்தில் நான் திருப்பிப் படுக்கவைத்த
முதுகுகளில் பாதி அவனுக்கு.
என் இடுப்பு நோவிலும் பாதி சேருமா என்று கேட்டேன்.
சிரித்தான்.
சிரித்தது குற்றம் போல உடனே மூக்கைத் துடைத்தான்.

வீடு மூன்றரை அறை.
வந்த நாளில் அந்த அரை எங்கே என்று
இரண்டு பேரும் கதவு கதவாய்த் திறந்து பார்த்தோம்.
சாப்பிடும் மூலையைத்தான் அரை என்று எண்ணுவார்களாம்.
இப்போது அந்த அரையில் இருந்துதான் எழுதுகிறோம்.
மூன்றாவது அறைக்கு ஒருகாலம் மஞ்சள் அடித்தோம்.
அதில் இன்று உடுப்புக் காயும் கம்பி,
சீட்டுக் கணக்குக் கொப்பி,
மார்கழியிலிருந்து அவனுடைய கட்டில்.
வீடு எனக்கு. முற்பணத்தில் பாதி அவனுக்கு.
நிலவறை மெஷினில் உடுப்புத் தோய்க்கும் செவ்வாய்க்கிழமையும்
எனக்கே.

பிறகு பீங்கான்.
இந்த ஊர் அதற்குப் பேர்போன ஊர்.
முதற் சம்பளத்தில் வாங்கிய இரண்டாந்தரம்,
விளிம்பில் நீலக்கோடு, பன்னிரண்டு.
ஒன்று உடைந்தது என் கையால்.
எறிந்ததா விழுந்ததா என்பதில்
இன்றைக்கும் இரண்டு கருத்து உண்டு.
மிச்சம் பதினொன்று.
"நீர் ஆறு எடும்."
"நீங்கள் எடுங்கோ."
"தனி ஆளுக்கு ஆறு என்னத்துக்கு?"
"எனக்கு மட்டும் ஆர் விருந்துக்கு வருகினம்?"
காணிக்கு வராத சண்டை, கொடிக்கு வராத சண்டை
இதற்கு வந்தது.
குரல் உயர்ந்தது. மேல்வீட்டில் கதிரை இழுபட்டது.
கடைசியில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு இறங்கி
தபால் பெட்டிகளுக்கு மேல் வைத்தான்,
"இலவசம்" என்று ஒரு துண்டும் எழுதி.

வீட்டுச் சாமான்கள் முழுமையாகப் பிரிக்கப்பட்டுவிட்டன.
இருவருக்கும் மேலதிகக் கோரிக்கை எதுவும் இல்லை.
கையெழுத்து. கையெழுத்து. திகதி.
ஏபிஷர் அம்மா இரண்டு காற்புள்ளியை மட்டும் திருத்தினாள்.
அதற்கும் பில் வந்தது,
பாதி பாதி.

முதலாம் மாடி எரித்திரியாக்காரி செலாம்
அந்தப் பீங்கானைத் தன் மிளகாய்ச் சட்டிக்குக் கீழே
படியோரம் வைத்திருக்கிறாள்.
மண்தண்ணிக்குள் நீலக்கோடு கொஞ்சம் தெரியும்.
ஏறும்போதும் இறங்கும்போதும்
எண்ணாமல் போகப் பழகிக்கொண்டிருக்கிறேன்.